கதையும் கேட்கும் செவியும்

ஸ்ரீராமாயணத்தின் முடிவை அறியாதார் நம் நாட்டில் அரியர். இராவணன் மாள்வான், பிராட்டி மீள்வாள், பட்டாபிஷேகம் நடைபெறும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் உத்ஸவ காலத்தில் திருக்கோயில் மண்டபத்தில் உபந்யாசம் தொடங்கும்போது, பன்முறை கேட்டவர்களே முன்வந்து அமர்கின்றனர். அடுத்து நிகழ்வதை அறியும் ஆவல் ஒன்றே கதைச் சுவைக்குக் காரணமாயின், இரண்டாம் முறை கேட்பார் எவரும் இரார். ஆகவே சுவையின் வேர் வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டவர் ஒருவரிடத்தும் சொன்னவர் ஒருவரிடத்தும் காணலாம்.

கேட்டவர்

சேர நாட்டை ஆண்ட குலசேகரப் பெருமாள் நாள்தோறும் ஸ்ரீராமாயணம் கேட்கும் நியமமுடையவர். ஒருநாள் கரனுடைய சேனை திரண்டுவந்த கட்டத்தைப் பௌராணிகர் விரித்துரைத்தார். எதிரே 14,000 அரக்கர். இப்பால் இராமபிரான் தனி ஒருவன். பிராட்டியைக் காத்துக் குகையில் நிற்கின்றான் இளையபெருமாள். இதனைக் கேட்ட அளவில் அரசர் பதறியெழுந்து, பெருமானுக்குத் துணையாகத் தம் சேனையைப் புறப்படப் பணித்தார் என்று குருபரம்பரை கூறும். தனியொருவனாகவே பெருமான் வென்று மீண்டதையும், பிராட்டி அவனைத் தழுவிக்கொண்டதையும் பௌராணிகர் விரைந்து சொன்ன பின்னரே அவர் ஆறுதலுற்றார்.

அரசர் கதையின் முடிவை அறியாதவர் அல்லர். எனினும் அந்தக் கணத்தில் அவருக்கு அது பழங்கதையாக இல்லை. தம் அன்புக்குரியவனுக்கு நேர்ந்த ஆபத்தாகவே இருந்தது. யாருக்கு என்ன நேருமோ என்று நெஞ்சம் நடுங்குகின்றதோ, அவரிடத்து அன்பு முன்னரே வேரூன்றியிருத்தல் வேண்டும். அன்பில்லாதவிடத்து அபாயம் வெறும் செய்தியே ஆகும். இவ்வாறு கேட்டவரே பின்னர்ப் பெருமாள் திருமொழியில் தேவகியாகப் புலம்பினார், கௌசல்யையாகத் தாலாட்டினார், தசரதனாகக் கதறினார். புறத்தே நின்று கேளாமல் கதையினுள்ளே புகுந்து வாழ்ந்தமைக்கு அப்பாசுரங்களே சான்று.

சொன்னவர்

இனி, சொல்லும் முறைக்கு ஆசிரியன் சிறிய திருவடியாகிய அநுமன். அசோகவனத்தில் அரக்கியர் அச்சுறுத்த, பிராட்டி தன் கூந்தலையே கயிறாகக் கொண்டு உயிர்விடவும் எண்ணிய இரவு அது. மரக்கிளையில் மறைந்திருந்த அநுமன் உடனே வாய் திறந்துவிடவில்லை, ஆராய்ந்தான். கற்றோர் மொழியாகிய வடமொழியில் பேசினால், இராவணனே உருமாறி வந்தான் என்று பிராட்டி அஞ்சக்கூடும். அவள் அஞ்சிக் கூவினால் அரக்கியர் விழித்தெழுவர். வந்த காரியம் கெடும். பேசாதிருந்தாலோ அவள் உயிர் தங்காது. ஆகவே மக்கள் பேசும் எளிய மொழியில், அவள் செவிக்கு மட்டும் எட்டுமாறு, இராம கதையைச் சொல்லத் துணிந்தான்.

தன் பெருமையையோ கடல் கடந்த வீரத்தையோ அவன் முதலில் எடுக்கவில்லை. அவள் நன்கறிந்த தசரத சக்கரவர்த்தியிலிருந்து தொடங்கினான். வனவாசம், மாயமான், பிராட்டியைப் பிரிந்தமை என அவள் அறிந்தவற்றைக் கூறி நம்பிக்கையை வளர்த்தான். பின்னரே அவள் அறியாத சுக்ரீவ நட்பையும், வாலி வதத்தையும், நாற்றிசையும் வானரர் தேடுவதையும் சொன்னான். இராகவன் கூறிய அடையாளங்களுடைய அத்தேவியை இதோ கண்டேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டான். கேட்டிருந்தவளே கதையின் கடைசி அடியாக நின்றாள்! பிராட்டி முகம் நிமிர்த்தி மரத்தை நோக்கினாள். ஐயம் முழுதும் தீரக் கணையாழி வேண்டியிருந்தது உண்மையே. எனினும் போகவிருந்த உயிரை முதலில் தடுத்து நிறுத்தியது கதையே.

கேட்பவர் யார் என்று அறிதல், அவர்க்கு உகந்த மொழியைத் தேர்தல், அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்லல், உரியவிடத்தில் நிறுத்தல் ஆகிய நான்கும் இங்கு விளங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கேட்பவரிடத்துச் சொல்பவர் கொண்ட பரிவு. அது இல்லையேல் சொல்வன்மை தன் புலமையைக் காட்டுவதாகவே முடியும்.

குசலவர் பாடக்கேட்ட இராமபிரானும், அவையோர் கவனம் கலையாவண்ணம் மெல்ல வந்து அவர்களிடையே தானும் ஒருவனாய்க் கலந்திருந்து கேட்டான் என்பர். தன் கதையே ஆயினும் உயர்ந்த ஆசனத்தில் இருந்தவாறு சுவைக்கலாகாது என்பது அச்செயலின் கருத்துப் போலும். திருவிழாவுக்கு எழுந்தருளியுள்ள அன்பர்களும் கற்றவர், கல்லாதவர் என்னும் வேற்றுமையின்றி அம்மண்டபத்தில் உடனிருந்து கேட்பாராக. கரனுடைய சேனை திரண்டு வரும் கட்டத்தில் நெஞ்சம் ஒருகணம் பதறுமாயின், அன்று குலசேகரர் கேட்ட கதையையே அவர்களும் கேட்டவராவர்.

சுபம்.