பால் வங்கியும் பால்குடி உறவும்





ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டால் திருச்சுழியிலிருந்து பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடுகிறோம். பெற்றவளுக்கோ பால் சுரந்திருக்காது. அங்கே இராசாசி மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பல பெண்கள் தானமாகக் கொடுத்த பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து, பிறகு உறையவைத்து, எடை குறைந்த பிள்ளைகளுக்குப் புகட்டுகிறார்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989லேயே தொடங்கிய ஏற்பாடு இது. உயிர் காக்கிற காரியம், பழிக்காதீர்கள்.

நம் கவலை வேறு. அந்தப் பால் யாருடையது?

ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணமுடிக்கும்படி நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டது. தந்தையின் சகோதரர் மகள், மணக்கத் தடையில்லாத உறவு. ஆனாலும் மறுத்துவிட்டார்கள், ஹம்ஸா அவர்களுக்குப் பால்குடிச் சகோதரர். உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) நிகாஹ் முடித்த பிறகு ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்றார். உக்பா மக்காவிலிருந்து மதீனா வரை போய்க் கேட்டார். மனைவியைப் பிரிய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணாவது வந்து சொன்னார். பாட்டில் வந்து சொல்லுமா?

இதனால்தான் 1985ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, முஸ்லிம் நாடுகளில் பால் வங்கி கூடாதென்று தீர்மானித்தது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றவர்கள் ஆகுமென்றார்கள். சிங்கப்பூரில் 2017ல் கே.கே. மருத்துவமனையில் வங்கி தொடங்கியபோது, குறைமாதப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமென அங்குள்ள முயிஸ் ஃபத்வா கமிட்டி அனுமதித்தது. ஷாஃபி மத்ஹபில் ஐந்து தடவை குடித்தால்தான் பால்குடி உறவு. நம் பகுதியில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஒரு மிடறே போதும். ஆகவே நமக்குப் பேணுதல் கூடுதலாக வேண்டும்.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். நிர்ப்பந்தத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டு. வாப்பா கையெழுத்துப் போட மறுத்துப் பிள்ளையைப் பறிகொடுப்பது பேணுதல் அல்ல. அவகாசமிருந்தால் பெரியம்மாவோ மாமியோ பாலூட்டட்டும். மருத்துவமனைப் பால்தான் என்றால், கொடுத்தவர் விவரம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதுங்கள். ஃபோனில் வேண்டாம், ஃபோன் மூன்று வருடத்தில் மாறிவிடும். ஜமாஅத் நிகாஹ் தஃப்தரோடு ஒரு பால்குடிப் பதிவேடும் வைக்கலாம். இருபது வருடம் கழித்து மாப்பிள்ளை பார்க்கும்போது அதைத்தான் முதலில் புரட்ட வேண்டியிருக்கும்.