குறைந்த லாரி வாடகை யாருக்கு லாபம்? - ஆட்டு லாரி சொல்லும் கணக்குப் பாடம்



"எண்ணிச் செய்கிறவன் செட்டி, எண்ணாமல் செய்கிறவன் மட்டி" என்பார்கள். சரக்கின் கொள்முதல் விலையை நாம் பைசா சுத்தமாக எண்ணுகிறோம். கடை வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எல்லாவற்றையும் எண்ணுகிறோம். ஆனால் லாரி வாடகை என்று வரும்போது மட்டும், "போன தடவை எவ்வளவு கொடுத்தோம்? இந்தத் தடவை எவ்வளவு குறைக்கலாம்?" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திவிடுகிறோம். அந்த வண்டி ஓடுவதற்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் நம்மில் மிகக் குறைவு.

தவிடு, புண்ணாக்கு, தானியம் என்று நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். என்னிடம் சரக்கு எடுப்பவர்களில் ஆடு மாடு வளர்ப்பவர்களும், சந்தைக்குக் கால்நடை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்களும் உண்டு. சரக்கு லாரித் தொழிலில் இன்றைக்கு இருக்கும் நெருக்கடி முழுவதையும் ஓர் ஆட்டு லாரியின் கணக்கில் தெளிவாகப் பார்க்கலாம். ஆகவே அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மளிகைக் கடைக்கு இதில் என்ன?

நமது கடலூர் மாவட்டத்தில் வேப்பூர் ஆட்டுச் சந்தை பெயர் பெற்றது. வெள்ளிக்கிழமை கூடும் இந்தச் சந்தைக்குத் தீபாவளி, பக்ரீத் சமயங்களில் வெளியூர் வியாபாரிகள் பெருவாரியாக வருவார்கள். ஏற்றுமதிச் செலவை ஆட்டு வியாபாரி தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. ஆடு வளர்த்தவருக்குக் கொடுக்கும் விலையிலிருந்து கழிப்பார், அல்லது இறைச்சி வாங்குகிறவரின் தலையில் ஏற்றுவார். அந்த இருவருமே நம் கடைக்கு வருகிறவர்கள். சந்தை நன்றாக நடந்தால் சனிக்கிழமை நம் பழைய பாக்கி வசூலாகும். தீவனமும் மளிகையும் ரொக்கத்துக்குப் போகும். நடக்கவில்லை என்றால் கடன் நோட்டு தடிக்கும்.

செலவு ஏறியது, வாடகை ஏன் ஏறவில்லை?

டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2014 அக்டோபரில் நீக்கியது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் விலை தினசரி மாற்றத்துக்கு உட்பட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வண்டிகள் வந்தன. கனரக வண்டிகளுக்கு டீசலோடு ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டியதாயிற்று. 12 டன்னுக்கு மேல் 20 டன் வரை மொத்த எடையுள்ள சரக்கு லாரிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் மட்டும் 2022 ஜூன் 1 முதல் 35,313 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. விழுப்புரம்-நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலையில், சிதம்பரத்துக்கு வடக்கே கொத்தட்டையில், 2024 டிசம்பரில் சுங்கச்சாவடி திறந்ததும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் நாம் அறிந்தவை.

செலவு இப்படி ஏறும்போது வாடகையும் ஏற வேண்டும் அல்லவா? ஏறாததற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பாரத்தைவிட வண்டி அதிகம். தவணையில் வண்டி எடுத்தவர் மாதத் தவணை கட்டியாக வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்தால் முழு நஷ்டம், ஓட்டினால் பாதி நஷ்டம் என்று எண்ணி, கிடைத்த வாடகைக்கு ஓட்டுகிறார்.

இரண்டாவது, 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பு உயர்த்தப்பட்டது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகியது. ஒரு புது லாரி கூட வாங்காமலே நாட்டின் சுமக்கும் திறன் கூடிவிட்டது. பாரம் அதே அளவு, இடம் அதிகம் என்றால் வாடகை இறங்கத்தானே செய்யும்? அதே மாதம் 20-ஆம் தேதி தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் நடந்த அகில இந்திய லாரி வேலைநிறுத்தத்தில் டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவையே முக்கியக் கோரிக்கைகளாக இருந்தன.

மூன்றாவது, சிறு வண்டிகளின் பெருக்கம். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் ஊர்க்காரர்கள் சொல்லும் "குட்டி யானை", நமக்குப் பெரிய வசதிதான். ஆனால் சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுபவர் பலர் தம் உழைப்புக்கும் வண்டித் தேய்மானத்துக்கும் கூலி வைப்பதில்லை. டீசல் போகக் கையில் நிற்பதெல்லாம் லாபம் என்று நினைக்கிறார். டயர் மாற்றும் நாளிலும் தகுதிச் சான்று புதுப்பிக்கும் நாளிலும்தான் உண்மை தெரிகிறது.

ஒரு நடைக்கு என்ன செலவு?

இனி கணக்குக்கு வருவோம். வேப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு நடுத்தர லாரி ஆடு ஏற்றிப் போகிறது. ஒரு வழி 220 கிலோமீட்டர், போக வர 440 கிலோமீட்டர் என்று கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்காரரிடம் கேட்டு அவரவர் தொகையைப் போட்டுக்கொள்ளலாம்.

டீசல்: லிட்டருக்கு 5.5 கிலோமீட்டர், 80 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் வீதம் - ரூ. 7,440
சுங்கம், போக வர - ரூ. 1,600
டிரைவர், உதவியாள் சம்பளமும் படியும் - ரூ. 2,200
டயர்: 1,08,000 ரூபாய்க்கு ஆறு டயர், 60,000 கிலோமீட்டர் ஓடும்; கிலோமீட்டருக்கு 1.80 வீதம் - ரூ. 792
ஆயில், ஆட்புளூ, பழுது: கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் - ரூ. 880
தவணை, காப்பீடு, வரி, தகுதிச் சான்று: மாதம் 35,000; மாதம் 14 நடை என்றால் நடைக்கு - ரூ. 2,500

மொத்தம் - ரூ. 15,412

இதில் முதலாளிக்கு லாபம் என்று ஒரு ரூபாயும் சேர்க்கவில்லை.

இந்த வண்டியில் எத்தனை ஆடு ஏற்றலாம்? மத்திய மோட்டார் வாகன விதி 125-இ, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கால்நடை ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் இருக்க வேண்டும். ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் விட வேண்டும். 17 அடி நீளமும் ஆறரை அடி அகலமும் உள்ள ஒரே தளத்தில் சுமார் 10.3 சதுர மீட்டர் இடம் உண்டு. அதில் 34 ஆடுகள் நிற்கும். 15,412-ஐ 34-ஆல் வகுத்தால் ஆட்டுக்கு 453 ரூபாய்.

இப்போது ஒருவர், "ஆட்டுக்கு 250 கொடுக்கிறேன், வருகிறாயா?" என்று கேட்டால் என்ன ஆகும்? 34 ஆட்டுக்கு 8,500 ரூபாய். டீசல் போக மிச்சம் 1,060. அது சுங்கத்துக்கே போதாது. இருந்தும் வண்டிக்காரர் ஒப்புக்கொண்டால், அவர் 34 ஆட்டோடு கிளம்பப்போவதில்லை, 60, 70 என்று திணிப்பார். ஓர் ஆடு மூச்சு முட்டிச் செத்தால் 9,000 ரூபாய் போயிற்று. ஆட்டுக்கு 200 ரூபாய் குறைத்து 34 ஆட்டில் மிச்சம் பிடித்ததோ 6,800. அந்த ஒரே ஆட்டில் கணக்கு தலைகீழாகிவிட்டது. சாகாத ஆடும் நெரிசலில் எடை குறைந்துதான் இறங்கும். வாயில்லா ஜீவனின் வேதனை தனிக் கணக்கு.

வெறும் வண்டியாகத் திரும்பும் செலவு

"அரிசி லாரிக்காரன் குறைவாகக் கேட்கிறானே, ஆட்டு லாரிக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்பவர் உண்டு. விடை திரும்பும் பயணத்தில் இருக்கிறது. இதே லாரியில் 7 டன் அரிசி, அதாவது 70 குவிண்டால், போகிறது. நடைச் செலவும் அதே 15,412 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வழிப் பாரம் மட்டும் என்றால் குவிண்டாலுக்கு 220 ரூபாய் விழும். திரும்பும்போது 6,000 ரூபாய்க்கு ஒரு ரிட்டர்ன் லோடு கிடைத்தால், மீதி 9,412-ஐ 70-ஆல் வகுக்க, குவிண்டாலுக்கு 134 ரூபாய்தான்.

கால்நடை வண்டிக்கு இந்த வழி இல்லை. அதில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்று மேற்சொன்ன விதியே சொல்கிறது. 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகளும், ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது, மாட்டோடு வேறு சரக்கும் கூடாது என்கின்றன. அமெரிக்காவில் மாட்டு லாரிக்குப் பெரும்பாலும் பாரம் ஏற்றிய மைலுக்குத்தான் வாடகை பேசுகிறார்கள். வெறும் வண்டியாகத் திரும்பும் மைலுக்கான செலவும் அந்தத் தொகைக்குள் அடங்கியாக வேண்டும். நாம் பேசும்போது அந்தத் திரும்பும் பாதியை மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஆடு இறக்கிவிட்டு வரும் வண்டியில், "நாலு மூட்டை மைதா போட்டு அனுப்பு" என்று யாரும் கேட்க வேண்டாம். விதிக்கும் புறம்பு, சாப்பிடும் பொருளுக்கும் கேடு. நாற்றம் ஏறிய மாவு மூட்டையை எந்தக் கடைக்காரர் விற்பார்?

குறைத்த வாடகை திரும்பி வரும் வழி

செலவுக்குக் கீழே வாடகை பேசினால் அந்தப் பணம் வேறு உருவத்தில் நம்மிடமே திரும்பி வரும். ஒன்று, அதிக பாரம். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகுதிச் சரக்கை வழியிலேயே இறக்கவும் வேண்டும். நடு வழியில் இறக்கிய மூட்டைக்குக் காவல் யார்? இரண்டு, பழைய தார்ப்பாயும் தேய்ந்த டயரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையோரச் சாலையில் ஒரு கிழிந்த தார்ப்பாய் போதும், சர்க்கரை பாகாகிவிடும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. எல்.ஆர். கொடுத்துச் சரக்கு ஏற்றும் போக்குவரத்து நிறுவனங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். சரக்கு காணாமல் போனாலோ சேதமானாலோ அவர்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு, வாடகையின் பத்து மடங்கு. கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டு பதிவு செய்தால்தான் அந்த வரம்பு நீங்கும். பண்ருட்டியிலிருந்து 8,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு டின் முந்திரிப் பருப்பை 60 ரூபாய் வாடகைக்கு அனுப்பினால், தொலைந்தபின் கேட்கக்கூடியது 600 ரூபாய். வாடகையைக் குறைக்கக் குறைக்க நம் பாதுகாப்பும் பத்து மடங்காகக் குறைகிறது. வழக்குப் போடுவதற்கு முன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. வழக்கமான தடங்களுக்கு மேலே கண்டபடி ஒரு நடைக் கணக்கு எழுதிக் கல்லாப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் வாடகை செலவுக்குக் கீழே இருந்தால் மகிழாதீர்கள், "எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்று விசாரியுங்கள். செலவைவிட மிக அதிகமாகக் கேட்டால் அதே கணக்கைக் காட்டிக் குறைக்கச் சொல்லலாம். கணக்கு இரு பக்கமும் பேசும்.

2. நம் கணக்கில் டீசல் ஏறத்தாழப் பாதி. எனவே டீசல் பத்து சதவீதம் ஏறினால் வாடகை ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கினால் அதே அளவு இறங்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால் மாதாமாதம் தகராறு இல்லை.

3. வாடகைப் பாக்கி வைக்காதீர்கள். டீசல் ரொக்கம், சுங்கம் ரொக்கம், வாடகை மட்டும் இரண்டு மாதக் கடன் என்றால் வண்டிக்காரர் வட்டிக்கு வாங்கி நம் சரக்கை ஓட்டுகிறார். உடனே கொடுப்பவருக்கு நியாயமான தள்ளுபடி கேட்க உரிமை உண்டு.

4. ரிட்டர்ன் லோடுக்கு வழி செய்யுங்கள். சென்னைக்கு முந்திரியும் பலாவும் அரிசியும் போகின்றன, அங்கிருந்து மளிகை வருகிறது. கடலூர், சிதம்பரம் வணிகர்கள் வாரத்தில் குறித்த நாளில் சரக்கைச் சேர்த்து ஏற்றினால், வண்டிக்காரரின் வயிற்றில் அடிக்காமலே வாடகை குறையும். அரைப் பாரத்தோடு இரண்டு குட்டி யானை போவதைவிட முழுப் பாரத்தோடு ஒன்று போவது மேல்.

5. எல்.ஆர்.-இல் சரக்கின் மதிப்பையும் உண்மையான வாடகையையும் எழுதச் சொல்லுங்கள். விலையுயர்ந்த சரக்குக்குக் கூடுதல் பொறுப்புக் கட்டணமோ, வழிப்பயணக் காப்பீடோ அவசியம்.

சங்கமே வாடகையை நிர்ணயிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்துக்கு ஒவ்வாது. கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பதும், அவரவர் பேரத்தை அவரவர் பேசுவதுமே முறை.

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று நம் மாவட்டம் அடிக்கடி சோதிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட நாள்களில் வண்டிக்குத் தட்டுப்பாடு வரும். இருக்கும் நாலு வண்டி யார் கடைக்கு முதலில் வரும்? போன வருஷம் ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் நிற்க வைத்தவர் கடைக்கா, பேசியதைப் பேசியபடி கொடுத்தவர் கடைக்கா? மூட்டையைச் சுமப்பவன் நின்று போனால் தராசுக்கு வேலை இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் பிழைப்பதுதான் வியாபாரம் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் வண்டி ஓட்டுகிறவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.