ஈர டி-ஷர்ட்டோடு டீக்கடைக்குப் போகாதீர்கள்

சென்னைக் கடற்கரையில் காலையில் ஓடுகிறவர்களிடம் ஒரு காட்சி தவறாது. ஏழு மணிக்கு ஓட்டம் முடியும். பிழிந்தால் ஒரு சொம்பு வரும் அளவுக்கு டி-ஷர்ட் நனைந்திருக்கும். அதோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அரட்டை. அதற்கான வட்டியைத்தான் இரண்டு மாதம் கழித்துத் தொடையிடுக்கில் சொறிந்துகொண்டே கட்டுகிறார்கள்.

ஜிம்மை விட்டவர்களிடம் காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் நெருங்கிப் பழகியபின் குரலைத் தாழ்த்தி, "அங்க ஒரே அரிப்புப்பா, நடக்கவே முடியல" என்பார்கள். எனக்குத் தெரிந்த வட்டத்தில் சோம்பேறித்தனம் நிறுத்திய ஆட்களும் படர்தாமரை நிறுத்திய ஆட்களும் ஏறக்குறைய சரிபாதி. அதனால் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தோலைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வியர்வையோடு வழிந்து நெற்றியிலும் கழுத்திலும் துளைகளை அடைத்துப் பருவாக நிற்கும். எண்ணெய் ராத்திரிக்கு. தொடை உரசுகிறவர்கள் உள்தொடையில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் ஓடும் ஆண்கள் மார்க்காம்பிலும் தடவ வேண்டும், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பவுடர் வேண்டாம், வியர்வையில் குழைந்து மாவாகி அதுவே உரசும். வெயில் ஏறிய பிறகும் வெளியில் இருப்பீர்கள் என்றால், தண்ணீரில் கரையாத எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனைக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள். உடை மெல்லிய பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நல்லது என்று அம்மா சொன்னது வீட்டில் இருக்கும்போது உடுத்துவதற்கு. ஓடும்போது அது தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது.

இனி, எல்லோரும் கோட்டை விடும் இடம்: பயிற்சி முடிந்த அரை மணி நேரம்.

வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், அதனால் தோலுக்குக் கெடுதல் இல்லை. அது மடிப்புகளில் தேங்கி, சூட்டோடு சேர்ந்து, மேல்தோலை ஊறவைப்பதுதான் கெடுதல். ஊறிய தோலில் பூஞ்சை சுலபமாக வேர் பிடிக்கும். ஆகவே உடனே குளிக்க முடியவில்லை என்றாலும் பரவாயில்லை, சட்டையை மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்குள். பையில் உலர்ந்த டி-ஷர்ட் ஒன்று, ஜட்டி ஒன்று, துண்டு ஒன்று. டீ எங்கும் ஓடிப்போகாது.

குளியலில் மிதமான சோப்பு போதும். கிருமிநாசினியைத் தண்ணீரில் கலப்பது, நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பது இரண்டும் தோலின் காப்புப் படலத்தைப் பெயர்ப்பதுதான். உடம்பைத் துவட்டும் விதத்தில்தான் சூட்சுமம். முகம், கை, முதுகு என்று மேலிருந்து வந்து, தொடையிடுக்கையும் கால்விரல் இடுக்கையும் கடைசியில் தனித் துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே இரண்டு நிமிடம் நில்லுங்கள். ஈரம் இருக்கும்போதே ஜட்டியை ஏற்றினால் இவ்வளவும் வீண். விரலிடுக்கில் சேற்றுப்புண் உள்ளவர்கள் முதலில் சாக்ஸைப் போட்டுக்கொண்டு அப்புறம் ஜட்டி போடுங்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பாதத்தில் இருக்கும் பூஞ்சை உடையோடு சவாரி செய்து இடுப்புக்கு வருவது அந்த வழியில்தான்.

துவைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. நனைந்த உடையைச் சுருட்டிப் பையில் போட்டு, அடுத்த நாள் மாலை எடுப்பது. வீட்டுக்கு வந்ததும் விரித்துப் போடுங்கள். அரிப்பு இருக்கும் காலத்தில் துணி தாங்கும் என்றால் 60 டிகிரி வெந்நீரில், வீட்டாரின் துணிகளோடு சேர்க்காமல் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயவிடுங்கள். நண்பனின் துண்டை இரவல் வாங்கும் பழக்கத்துக்கு இன்றோடு முழுக்கு.

அப்படியும் ஏதாவது வந்துவிட்டால், வந்தது என்ன என்று பார்த்துவிட்டு மருந்துக்குப் போகவும். சிறுசிறு முத்தாகக் குத்துவது வேர்க்குரு. வியர்வைக் குழாய் அடைப்பு, காற்றோட்டம் கிடைத்தால் அடங்கும். மார்பிலும் முதுகிலும் வெளிர்த்திட்டாகப் பரவுவது தேமல். அதே இடத்தில் ஒரே அளவில், அரிப்போடு கூட்டமாக வரும் பொரிகள் பல நேரம் பருவே அல்ல, மயிர்க்காலில் புகுந்த ஈஸ்ட். அதற்குப் பருவுக்கான ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இன்னும் கூடலாம். விளிம்பு தடித்து, நடுவில் தெளிந்து, வட்டமாக விரிவது படர்தாமரை.

இங்கேதான் எனக்குப் பொறுமை போகும். மருந்துக் கடையில் போய், "அண்ணே, அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்பார்கள். அண்ணனும் ஒரு டியூப் எடுத்துக் கொடுப்பார். அதில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். மூன்றே நாளில் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும், டியூப்புக்குக் கோயில் கட்டாத குறை. ஸ்டீராய்டு அடக்கியது உங்கள் உடம்பின் எதிர்ப்பைத்தான். பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். நிறுத்திய வாரமே இரட்டிப்பாகத் திரும்பும், மறுபடி டியூப். சில மாதம் இப்படிப் போனால் தொடையிடுக்குத் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும், அது போகாது. டியூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது பெயர் இருந்தால் கீழே வையுங்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்குள் கொண்டுவந்தது இந்தக் கூத்தைப் பார்த்துத்தான்.

நம் பக்கம் பரவியிருக்கும் படர்தாமரை முன்புபோல் சாதுவும் அல்ல. 2020-இல் 'ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே' என்று பெயரிடப்பட்ட பூஞ்சை, வழக்கமாகக் கேட்கும் டெர்பினஃபைன் என்ற மருந்துக்குப் பல நேரங்களில் மசிவதில்லை. தோல் மருத்துவரிடம் போங்கள். சுரண்டிப் பார்த்து உறுதி செய்வார், வாரக்கணக்கில் மருந்து தருவார். தோல் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் பூஞ்சை உங்களுக்குள் மாறி மாறிக் குடியிருக்கும். இன்னொன்று, அரைஞாண் கயிறு. எப்போதும் ஈரத்தில் ஊறிய அந்தக் கறுப்புக் கயிறு பூஞ்சைக்கு ஊஞ்சல். கழற்ற மனம் வராவிட்டால் வெள்ளிக்கு மாறுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஜிம்மில் சேர்ந்த இரண்டாவது மாதம் தாடையிலும் முதுகிலும் பரு கிளம்பினால் முதலில் வே புரோட்டீன் டப்பாவைச் சந்தேகப்படுங்கள். பால் புரதம் இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் தூண்டும். இவை தோலின் எண்ணெய்ச் சுரப்பைக் கூட்டக்கூடியவை. எல்லோருக்கும் பரு வருவதில்லை. ஆறு வாரம் நிறுத்திப் பாருங்கள், விடை உங்கள் முதுகிலேயே தெரியும். புரதம் குறைந்துபோகும் என்ற பயம் வேண்டாம். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த அலசல், தசை வளர்ச்சிக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் போவதால் கூடுதல் பலனில்லை என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், 50 கிராம் வேர்க்கடலையில் 12, நூறு கிராம் சுண்டலில் 9, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 25. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நூறு கிராமில் 20 வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தொடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

ஓடி முடித்ததும் கரும்புச் சாறு வேண்டாம், உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மோர் பரு கிளப்பும் ஆட்களும் உண்டு, அவர்கள் எலுமிச்சைச் சாறு. கொலாஜன் பொடிக்குச் செலவழிக்கும் காசில் நல்ல ஜட்டி ஆறு வாங்கலாம்.

ஊக்கம் என்று இதற்கு மேல் எதைச் சொல்ல? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கவனித்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக ஓட எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 66 நாள்; ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை என்பதும் அதில்தான் வந்தது. ஆகவே 21 நாள் சவால் படங்களைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அரிப்பு வந்தாலும் முழுக்க விடாதீர்கள். மருந்து வேலை செய்யும்வரை ஓட்டத்தையும் சைக்கிளையும் ஒதுக்கிவிட்டு, தொளதொள அரைக்கால்சட்டையில் தோள், கை, முதுகுப் பயிற்சி செய்யுங்கள். வீட்டில் செய்தால் நல்லது, ஜிம் பெஞ்சில் மற்றவர்களும் படுக்கிறார்கள்.

பையை மட்டும் முந்தின ராத்திரியே கட்டி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்த இரண்டாவது டி-ஷர்ட்டை மறந்துவிட்டால், டீக்கடை வரை வராமல் நேராக வீட்டுக்குப் போங்கள். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் குடித்துக்கொள்கிறோம்.