வெட்டுவதற்கு முன் வந்த மாஸ்டர்

"சார், நாலு ரோல் நெறம் கொஞ்சம் தள்ளி இருக்குதுங்க. வாசல் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேனுங்க."

கட்டிங் மாஸ்டர் என் மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொன்னபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கப்பலுக்கு எட்டு நாள்தான் இருந்தது. அவர் நீட்டிய துண்டை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். "ஒண்ணும் தெரியலையே மாஸ்டர், வெட்டுங்க" என்றேன்.

2008-இல், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு உற்பத்தி மேலாளராகி இரண்டாவது வருடம் அது. 9,600 டி-ஷர்ட். ஏ.க்யூ.எல். 2.5 என்னும் தரச் சோதனைக் கணக்கில் அந்த அளவு லாட்டுக்கு 200 உருப்படிகளை உருவிப் பார்ப்பார்கள். 10 குறை வரை பாஸ். 11-வது குறை கிடைத்தால் மொத்த லாட்டும் நின்றுவிடும். எங்கள் லாட் நின்றது. உடம்புக்கு ஒரு ரோல், கைக்கு வேறு ரோல் என்று வெட்டியிருந்தோம். ஒரே சாயம், ஒரே ரெசிபி என்றாலும் பேட்ச் மாறினால் நிறம் லேசாகத் தள்ளும். டியூப்லைட்டில் ஒளிந்திருந்த வித்தியாசம், டி65 என்னும் பகலொளி விளக்குக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. கைகளைப் பிரித்து, வேறு துணியில் வெட்டி மறுபடி தைத்தோம். தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் அதோடு தீர்ந்தது.

பணத்தைவிட வேறொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் இரண்டாவது முறை வந்து சொல்லவில்லை? சில வாரம் கழித்து அவரையே கேட்டேன். "சொன்னேனுங்க சார். நீங்க அவசரத்துல இருந்தீங்க." குறையாக அல்ல, எனக்காகப் பரிந்து சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

அன்றே ஒரு முடிவு எடுத்தேன். நிறத்தில் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் டேபிளை நிறுத்தும் உரிமை மாஸ்டருக்கு. அவர் முதல் தடவை நிறுத்தியபோது விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தோம். துணியில் குறையே இல்லை. அரை நாள் வேலை போயிற்று. டெய்லர்கள், செக்கிங் பெண்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் மாஸ்டருக்கு நன்றி சொன்னேன். அன்று முகம் சுளித்திருந்தால் அவர் இன்னொரு முறை நிறுத்தியிருக்க மாட்டார்; அவரைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எந்த டெய்லர் ஓவர்லாக் மெஷினில், யார் பேட்லாக் மெஷினில் என்பதற்கெல்லாம் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசிப்பேன். அதில் தப்பு நடந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிவிடலாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. வெட்டலாமா என்ற முடிவுக்கோ அரை நிமிடம்தான் கொடுத்தேன். லைன் விஷயங்களைச் சூப்பர்வைசர்களிடம் விட்டேன். வெட்டுவது, நூலுக்கு விலை பேசி முடிப்பது, பையருக்குத் தேதி சொல்வது ஆகிய மூன்றுக்கும் நானே நின்று நேரம் கொடுக்க ஆரம்பித்தேன்.

நேரம் கொடுப்பதற்கும் ஒரு எல்லை உண்டு என்று 2011 ஜனவரி காட்டியது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாததற்காகத் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் அந்த உத்தரவைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எங்கள் துணி சாயமில்லாமல் கிடந்தது. "பத்து நாள்ல திறந்துருவாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் காத்திருக்கத்தான் ஆசை. திறக்கும் நாள் யாருக்கும் தெரியாது. என்னிடம் எத்தனை ரோல் இருக்கிறது, எந்தத் தேதி வரை தாங்கும் என்பது மட்டும் தெரியும். தெரிந்ததை வைத்து அந்த வாரமே வெளி மாநிலத்துக்குத் துணியை அனுப்பினோம். செலவு கூடியது. ஒவ்வொரு பையருக்கும் எந்த ஆர்டர் எத்தனை நாள் தள்ளும் என்று அன்றே எழுதினேன்.

ஒரு ஆர்டர் கையைவிட்டுப் போனது. மற்றவர்கள் புதுத் தேதியை ஏற்றுக்கொண்டார்கள்.