புக்கிங் பணத்துக்கு முன்னால் ஒரு நோட்டு

போன மாதம் என் தம்பி வழவழப்பான ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தான். கோவையில் ஓட்டல் ஒன்றில் நடந்த வீட்டுக் கண்காட்சியில் கொடுத்தார்களாம். துபாயில் ஒரு படுக்கையறை ஃபிளாட். விலை 10 லட்சம் திர்ஹாம், ஆண்டு வாடகை 60 ஆயிரம் திர்ஹாம், வரியே கிடையாது. "ஆறு சதவீதம் வருதுக்கா. இங்க நம்ம வீட்டு வாடகை மூணு சதவீதம்கூடத் தேறலையே" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் இருந்தது விற்கிறவரின் கணக்கு. வாங்குகிறவரின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். அன்றைக்கு அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். வெளிநாட்டில் வீடு வாங்கும் ஆசையோடு இருக்கும் தங்கைகளும் தம்பிகளும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் விலைக்கு மேலே ஆகும் செலவை எழுதுங்க. துபாய் நிலத்துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 40,000 திர்ஹாம். இதை வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி கட்டலாம் என்று விதி இருந்தாலும், நடைமுறையில் முழுவதும் வாங்குபவர் தலையில்தான் விழும். புது வீடு என்றால் "பதிவுக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்க, சில பில்டர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கைமாறும் பழைய வீடு என்றால் தரகருக்கு 2 சதவீதம், அதன் மேல் 5 சதவீதம் வாட் வரி: 21,000. பத்திரம் மாற்றித் தரும் டிரஸ்டி அலுவலகத்துக்கு வாட் சேர்த்து 4,200. டைட்டில் டீட் 580. கரண்ட், தண்ணீர் இணைப்புக்கு டெபாசிட் 2,000. எல்லாம் கூட்டினால் 67,780 திர்ஹாம். நம் ஊரில் முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று 9 சதவீதம் கட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இந்தப் பணம் வீட்டு விலையில் சேராது, வீட்டுக் கடனிலும் வராது. கையில் ரொக்கமாக இருக்க வேண்டும்.

அடுத்த பக்கம்தான் முக்கியம். பணம் இந்தியாவை விட்டு எப்படிப் போகும்?

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் அது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று 1997 முதல் மாறாமல் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒருவரின் வரம்பு 9,18,125 திர்ஹாம். தம்பிக்குத் தேவையோ 10,67,780. ஆக, அவன் ஒருவனால் ஒரே ஆண்டில் இந்த வீட்டை வாங்கவே முடியாது. மனைவியும் அனுப்பலாம், ஆனால் பத்திரத்தில் அவள் பெயரும் இருக்க வேண்டும். இது விதி. விதியே இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இனி 20 சதவீத விஷயம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு ஏறக்குறைய 2 கோடியே 56 லட்சம். இப்படி வெளியே அனுப்பும் பணத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கும். கணவனும் மனைவியும் பாதிப் பாதியாக அனுப்பினால் இருவருக்கும் சேர்த்து 47 லட்சம் ரூபாய்! வீட்டு விலைக்கு மேலே இந்த 47 லட்சமும் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். தம்பி இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

பயப்பட வேண்டாம், இது தொலைந்துபோகும் பணமல்ல. நம் பெயரில் அரசிடம் இருக்கும் முன்பணம். ரிட்டர்ன் போடும்போது நம் வருமான வரியில் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பி வாங்கலாம். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் விவரம் கொடுத்தால் மாதா மாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே கழித்துக்கொள்ள 2024 அக்டோபர் முதல் வழி இருக்கிறது. தொழில் செய்பவர்கள் அட்வான்ஸ் டாக்ஸில் கழிக்கலாம். ஆனால் காலம் பார்த்து அனுப்புங்க. ஏப்ரலில் அனுப்பினால், இப்படிக் கழியாத டிசிஎஸ் அடுத்த ஆண்டு ரிட்டர்ன் போடும்வரை, ஒன்றேகால் வருடத்துக்கு மேல் முடங்கிக் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அனுப்பினால் சில மாதங்களிலேயே ரிட்டர்ன் போட்டுக் கேட்கலாம். பாதியை மார்ச் கடைசியிலும் பாதியை ஏப்ரல் முதலிலும் அனுப்பினால் 10 லட்ச விலக்கு இரண்டு ஆண்டுக்கும் கிடைக்கும். இந்தக் கணக்கில் இருவருக்குமாக இன்னொரு 4 லட்சம் பிடிபடாமல் தப்பும். விற்பவரிடம் பணம் கட்டும் தேதியைப் பேசும்போதே இதை மனதில் வைத்துப் பேசுங்க.

இந்தப் பணத்துக்காக இங்கே கடன் வாங்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. கூடாது. சொத்து வாங்க எல்ஆர்எஸ்ஸில் பணம் அனுப்புவதற்கு வங்கி கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. கண்காட்சியிலேயே கிரெடிட் கார்டைத் தேய்த்து புக்கிங் போடச் சொன்னாலும் மறுத்துவிடுங்க. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். எந்தத் தொகையும் உங்கள் கணக்கிலிருந்து, வங்கி வழியாக, வீடு வாங்க என்ற காரணத்தை எழுதிக் கொடுத்துத்தான் போக வேண்டும். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி பின்னால் ஒரு கேள்வி வந்தால் அந்த வங்கிச் சீட்டுதான் நமக்குச் சாட்சி.

இன்னும் கட்டி முடிக்காத வீடு, மாதம் ஒரு சதவீதத் தவணை என்று ஆசை காட்டினால் மூன்றைக் கவனியுங்க. 4 சதவீதப் பதிவுக் கட்டணம் கடைசியில் வராது, ஆரம்பத்திலேயே கேட்பார்கள். தவணை போக வேண்டியது பில்டரின் சொந்தக் கணக்குக்கு அல்ல, அந்தக் கட்டடத்துக்கென்று இருக்கும் எஸ்க்ரோ கணக்குக்கு. 2007-லிருந்து அங்கே சட்டம் அது. கட்டடம் 60 சதவீதத்துக்கு மேல் எழும்பிய பிறகு நீங்கள் தவணையை நிறுத்தினால், விலையில் 40 சதவீதம் வரை பில்டர் எடுத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. கூடவே ரூபாயையும் நினையுங்க. 2021-ல் டாலர் 74 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது. நான்கு வருடத் தவணை என்றால் கடைசித் தவணையை இன்றைய ரேட்டில் எழுதாதீங்க, ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம் கூட்டியே எழுதுங்க.

இனி அந்த ஆறு சதவீதத்துக்கு வருவோம். அங்கே ஆண்டு சர்வீஸ் சார்ஜ் சதுர அடிக் கணக்கு. கட்டுவது குடியிருப்பவர் அல்ல, உரிமையாளர். கட்டடத்துக்குக் கட்டடம் பெரிய வித்தியாசம் இருக்கும். நிலத்துறையின் இணையதளத்தில் கட்டடத்தின் பெயரைப் போட்டால் தொகை தெரியும். விலை பேசுவதற்கு முன்னால் அதைப் பாருங்க. 700 சதுர அடிக்கு 16 திர்ஹாம் என்று வைத்தால் 11,200. இங்கிருந்துகொண்டு வாடகைக்கு விட ஆள் வைத்தால் 6 சதவீதம், 3,600. அடுத்து நம் ஊர் வரி. துபாயில் வாடகைக்கு வருமான வரி இல்லை, உண்மைதான். ஆனால் இந்தியாவில் குடியிருப்பவருக்கு உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி உண்டு. வாடகையில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துவிடுவார்கள், சர்வீஸ் சார்ஜைத் தனியாகக் கழிக்க முடியாது. மிச்சம் 42,000. தம்பி 30 சதவீத வரம்பில் இருக்கிறான், செஸ் சேர்த்தால் வரி 13,104. அங்கே வரி கட்டியிருந்தால் இங்கே கழித்துக் கேட்கலாம். கட்டாததால் கழிக்க ஒன்றுமில்லை.

60,000-த்தில் கடைசியில் கையில் நிற்பது ஏறக்குறைய 32,000. போட்ட 10,67,780-க்கு மூன்று சதவீதம். அதுவும் வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லாவிட்டால்.

விற்கும்போதும் இங்கே வரி உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரம்பின்படி.

வீடு வாங்கியபின் ஐடிஆர்-1 படிவத்தில் ரிட்டர்ன் போட முடியாது. ஐடிஆர்-2-ல் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில், வாடகை வந்தாலும் வராவிட்டாலும், வருடா வருடம் காட்ட வேண்டும். மறந்தால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் அபராதம். 20 லட்சத்துக்குக் குறைந்த வங்கிக் கணக்கு, பங்குகளுக்குக் கொடுத்த விலக்கு வீட்டுக்குக் கிடையாது. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே அங்கே வீடு வாங்கியவர்களுக்கு எல்ஆர்எஸ்ஸும் இல்லை, டிசிஎஸ்ஸும் இல்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்த வீட்டை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே முழு நேரக் குடியிருப்பாளர் ஆன ஆண்டிலிருந்து வாடகையும் ரிட்டர்னில் வர வேண்டும், வீடும் வர வேண்டும். திரும்பி வந்த பல குடும்பங்கள் கோட்டைவிடுவது இதைத்தான்.

இன்னொன்று. அங்கே சொத்து இருந்தால் அங்கே செல்லும் உயிலும் வேண்டும். இஸ்லாமியர் அல்லாதவர்கள் துபாய் டிஐஎஃப்சி நீதிமன்றத்தில் உயில் பதியும் வசதி 2015 முதல் இருக்கிறது. அதன் செலவையும் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்க.

தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. வாங்கக் கூடாது என்று நான் சொல்லவுமில்லை. நோட்டு அவன் மனைவியிடம் இருக்கிறது, அவள் ஆடிட்டரிடம் காட்டப் போகிறாள். உங்கள் வீட்டிலும் பத்திரத்தில் பெயர் வரப்போகிற இரண்டு பேரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை முழுக்க எழுதி முடித்த பிறகே புக்கிங் பணத்தைக் கொடுங்க.