பனிவழியில் விறகு

நுழையும்முன்

வெப்பநாட்டில் வாழ்வோர்க்கு விறகு சமையலுக்கு உதவும் எரிபொருள். ஆண்டின் பாதிக்காலம் நிலம் வெண்பனியில் மூழ்கிக் கிடக்கும் வடபுல நாடுகளிலோ அது உயிர்காக்கும் பொருள். உறையும் குளிரில், இடுப்பளவு பனிக்குள் நின்று மரத்தை வீழ்த்தி வீடு சேர்ப்பதற்கு உடல் வலிமை மட்டும் போதாது. காலத்தையும் காட்டையும் கற்றறிந்த அறிவும் வேண்டும். நார்வே நாட்டு மக்களிடம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அவ்வறிவையும், அதன் எல்லை மீறப்பட்டபோது நேர்ந்ததையும் இப்பாடம் விளக்குகிறது.

பனி தடையா, பாதையா?

ஐரோப்பாவின் வடமேற்கு விளிம்பில் அமைந்த நாடு நார்வே. அதன் உள்நாட்டு மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 630 மீட்டர் உயரத்தில் ரோரோஸ் என்னும் சிற்றூர் உள்ளது. சனவரித் திங்களில் அங்குச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 10 பாகை கீழே இருக்கும். 1914ஆம் ஆண்டின் சனவரியில் அது உறைநிலைக்கு 50 பாகைக்கும் கீழே இறங்கியது. திசம்பர் இறுதியில் பகற்பொழுதின் நீளம் ஏறத்தாழ ஐந்து மணி நேரமே.

இத்தகைய குளிர்காலத்தையே அப்பகுதி உழவர்கள் விறகு வெட்டுதற்குரிய பருவமாகத் தேர்ந்தனர். இது முதலில் வியப்பைத் தரலாம். காரணங்களை எண்ணிப் பார்த்தால் வியப்பு மறையும்.

கோடையில் அக்காடுகள் சதுப்பும் ஓடையும் பாறையும் நிறைந்தவை. சக்கரம் பூட்டிய வண்டி அங்கே உருளாது. குளிர்காலத்தில் சதுப்பு இறுகிவிடும்; ஏரி உறைந்து சமவெளியாகும்; பாறையையும் பள்ளத்தையும் பனி நிரவிவிடும். கோடையில் சுற்றிச் செல்ல வேண்டிய ஏரியைக் குளிர்காலத்தில் நேரே கடக்கலாம். சறுக்குவண்டியின் அடிக்கட்டைக்கும் இறுகிய பனிக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு. ஆகவே, தரையில் இழுக்க இயலாத சுமையையும் ஒற்றைக் குதிரை பனிமேல் எளிதில் இழுத்துச் செல்லும்.

வைக்கோற்புல் அறுப்பும் கதிர் அறுப்பும் முடிந்துவிட்டமையால் ஆளும் குதிரையும் ஓய்ந்திருக்கும் காலமும் அதுவே. குளிரில் பூஞ்சையும் புழுவும் மரத்தை அணுகா. அப்போது வெட்டிய மரம், ஈரம் குறைந்த வசந்தகாலக் காற்று வீசத் தொடங்குமுன் அடுக்கப்படுவதற்கு ஆயத்தமாகிவிடும். வழிமறிப்பது போலத் தோன்றிய பனியே வழியாக அமைந்தது.

மரம் வீழ்த்துதல்

ஆழ்ந்த பனியில் மரம் வெட்டுவோர் முதலில் கையில் எடுப்பது கோடரியன்று, மண்வாரி. அடிமரத்தைச் சுற்றியுள்ள பனியைத் தரைவரை அகற்றிய பின்னரே வெட்டத் தொடங்குவர். அவ்வாறு செய்யாவிட்டால் பனியின் மேல்மட்டத்திலேயே மரம் வெட்டப்பட்டு, தடித்த அடிப்பகுதி வீணே காட்டில் நின்றுவிடும். பனி உருகிய பின் காணப்படும் உயர்ந்த அடிக்கட்டை, வெட்டியவரின் சோம்பலுக்குச் சான்றாக நிற்கும்.

அடுத்த பணி விலகும் வழியை அமைத்தல். மரம் சாயும் திசைக்கு எதிர்ப்புறத்தில், சற்றுப் பக்கவாட்டாகப் பனியை மிதித்து இறுக்கி ஒரு தடம் உண்டாக்குவர். வெறுந்தரையில் மரம் எதிர்பாராது திரும்பினால் துள்ளி விலகலாம். தொடையளவு பனியில் அஃது இயலாது. ஓரடி வைப்பதே பெரும்பாடாகும். கிளைகளில் தங்கிய பனித்திரள் முதல் வெட்டிலேயே தலைமேல் சரிவதும் உண்டு. எனவே, வெட்டுமுன் மேலே நோக்குவதும் விலகும் வழியை உறுதிசெய்வதும் காட்டுவேலையின் முதற்பாடங்கள்.

குளிர், கருவியையும் மாற்றிவிடும். கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் தன்மையடைவதால் கோடரியின் வாய் எளிதில் சிதறும். எனவே, பயன்படுத்துமுன் அதனை இளஞ்சூட்டில் காட்டி எடுப்பர். அதே குளிர் மற்றொரு வகையில் துணைநிற்கும். ஈரமரத்தின் உள்நீர் உறைந்துவிடுவதால் ஒரே அடியில் கட்டை நேராகப் பிளக்கும்.

வேலை செய்வோர் அஞ்ச வேண்டிய மற்றொன்று வியர்வை. உழைப்பின் சூட்டில் நனைந்த உடை, உழைப்பு நின்றதும் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். ஆதலால், வேலை தொடங்கும்போது மேலுடையைக் களைவதும் ஓய்வின்போது அணிவதும் வழக்கம். சூடு தேடிக் காட்டுக்குச் செல்பவரையே குளிர் வீழ்த்திவிடாமல் காப்பது இச்சிறு வழக்கமே.

சறுக்குவண்டியும் பனிப்பாதையும்

புதுப்பனி தளர்ந்தது, அதில் குதிரை மார்பளவு புதையும். எனவே, சுமை ஏற்றுமுன் பாதை அமைத்தாக வேண்டும். சுமையற்ற குதிரையை முன்னும் பின்னும் நடத்திப் பனியை அழுத்துவர். குதிரையின் குளம்புகளில் அகன்ற வளையங்களைக் கட்டி அது புதையாமல் காப்பதும் உண்டு. அழுத்திய பனி ஓரிரவு உறைந்தால் மறுநாள் கெட்டியான பாதை கிடைக்கும்.

செங்குத்தான சரிவுகளில் குட்டையான சறுக்குவண்டியே பயன்பட்டது. மரத்தின் அடிப்பகுதியை மட்டும் வண்டிமேல் கட்டி, நுனிப்பகுதி பனியில் உராய்ந்து வரும்படி விடுவர். அந்த உராய்வே தடையாகி, சுமை குதிரையின்மேல் பாய்ந்துவிடாமல் காக்கும். சமதளப் பாதையை அடைந்ததும் இரண்டு சறுக்குவண்டிகளை இணைத்து முழுச்சுமையையும் ஏற்றுவர். சரிவில் உராய்வை வேண்டியும் சமதளத்தில் அதனைத் தவிர்த்தும் வண்டியை அமைத்த இம்முறையில் ஏட்டுக்கல்வி பெறாதோரின் இயற்பியல் அறிவு புலப்படுகிறது.

உறைந்த ஏரிமேல் செல்வோர் கூடுதல் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தெளிந்த, உறுதியான பனிக்கட்டி ஏறத்தாழ 10 செ.மீ. தடித்திருந்தால் ஒருவர் நடந்து கடக்கலாம். குதிரையும் சுமையும் கடக்க அதனினும் பன்மடங்கு உறுதி வேண்டும். ஓடை கலக்குமிடங்களில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். ஆதலால், ஆராய்ந்து தேர்ந்த வழியின் இருமருங்கும் மரக்கிளைகளை நட்டு அடையாளமிட்டனர். பனிப்புயலில் கண் மறைக்கும்போது அக்கிளைகளே வழிகாட்டின.

அடுத்த குளிருக்கான நெருப்பு

இவ்வளவு உழைப்பில் வந்த விறகை அன்றே எரிக்க முடியாது. புதிதாக வெட்டிய பிர்ச் மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. நன்றாக எரிவதற்கு நீரின் பங்கு 20 விழுக்காட்டிற்குள் குறைதல் வேண்டும். 45 விழுக்காடு நீருள்ள 100 கிலோ ஈரவிறகு அந்நிலையை அடையும்போது ஏறத்தாழ 69 கிலோவாகக் குறையும். 31 கிலோ நீர் காற்றில் கலந்திருக்கும். ஈரவிறகை எரித்தால் அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சூடு செலவழியும். தணல் தணியும், புகை மிகும், எரியாத தார் புகைபோக்கியின் உட்புறத்தில் படியும். பின்னொருநாள் அது தீப்பற்றினால் வீட்டையே எரித்துவிடும்.

எனவே, மரத்தைப் பிளந்து, காற்றும் வெயிலும் படும் இடத்தில், தரையில் படாதவாறு அடுக்குவர். பிர்ச் மரத்தின் பட்டை நீரை வெளியே விடாது. பிளக்காமல் விட்டால் மரம் உள்ளேயே மக்கிவிடும். அப்பட்டையை உரித்தெடுத்தால் ஈரத்திலும் எரியும். அதில் அடங்கியுள்ள எண்ணெய்த்தன்மையே காரணம். ஆதலால் அடுப்பு மூட்டுவதற்கு அதனைச் சேமித்தனர். வசந்தத்தில் அடுக்கிய விறகு இலையுதிர்காலத்தில் கொட்டகைக்குள் செல்லும். இந்தக் குளிரில் வெட்டியது அடுத்த குளிருக்கு உரியது. இன்று கணப்படுப்பின் முன் கைகளைச் சூடேற்றுபவர் சென்ற ஆண்டின் உழைப்பை நுகர்கிறார். இன்றைய உழைப்பை வருமாண்டிற்கு வைக்கிறார்.

உலையின் பசி

வீட்டு அடுப்புக்காக உருவான இதே அறிவு, 17ஆம் நூற்றாண்டில் வேறொரு பசிக்கும் பயன்படலாயிற்று. 1644இல் ரோரோஸில் செப்புத்தொழில் தொடங்கியது. 1646இல் அரசு, சுரங்கத்தை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ 45 கி.மீ. ஆரமுள்ள வட்டத்திற்குள் இருந்த காடு, கனிமம், நீர்வளம் ஆகியவற்றின் உரிமையை அத்தொழில் நிறுவனத்திற்கு வழங்கியது.

செப்புத்தொழிலின் ஒவ்வொரு படியிலும் மரம் தேவைப்பட்டது. பாறைமுகத்தில் விறகைக் குவித்து எரித்து, வெப்பத்தால் பாறையை வெடிக்கச் செய்து தாதுவை எடுத்தனர். அத்தாதுவை விறகின்மேல் குவித்து வறுத்தனர். பின்னர் மரக்கரி உலையில் உருக்கினர். தாதுவும் விறகும் கரியும் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகள்வழியே சறுக்குவண்டிகளில் சென்றன. சுற்றுப்புற உழவர்க்கு அது கூடுதல் வருவாய். குளிர்காலம் முழுவதும் வீட்டைவிட்டு விலகி, உறைபனியில் குதிரையோடு நடக்கும் துன்பமும் அதனுடன் சேர்ந்தே வந்தது. சிறுவயதிலேயே சுரங்கத்தில் வேலைசெய்து, பின்னாளில் எழுத்தாளரான யோகான் பால்க்பெர்கெட் (1879-1967) அவ்வாழ்வைத் தம் புதினங்களில் பதிவுசெய்தார். எருது பூட்டிச் சுமையேற்றும் ஆன்-மக்ரிட் என்னும் பெண் அவர் படைத்த பாத்திரங்களுள் புகழ்பெற்றவள்.

குளிர்நிலத்து மலைக்காட்டில் மரம் மிக மெதுவாக வளரும்; ஒரு பைன் மரம் முதிர நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். உலையோ அத்தனை காலம் காத்திராது. ரோரோஸின் சுற்றுப்புறக் காடு அழிந்தது. தாதுவை வறுக்கும்போது எழுந்த கந்தகப் புகை எஞ்சிய செடிகொடிகளையும் கருகச் செய்தது. விறகைத் தொலைவிலிருந்து கொணர்வதைவிடத் தாதுவைக் காட்டுக்குக் கொண்டுசெல்வதே எளிது என்னும் நிலை உருவாயிற்று. 1743இல் பெமுண்ட் ஏரிக்கரையில் புதிய உருக்காலை அமைந்தது. 1822இல் அதுவும் மூடப்பட்டது. 333 ஆண்டுகள் நடந்த ரோரோஸின் செப்புத்தொழில் 1977இல் முடிவுற்றது. 1980இல் யுனெஸ்கோ ரோரோஸை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பின்னர் 2010இல் குளிர்காலச் சுமைப்பாதையும் அதனுடன் சேர்க்கப்பட்டது.

காலமும் அளவும்

வீட்டுக்கு விறகு வெட்டியவரும் உலைக்கு வெட்டியவரும் ஒரே கோடரியைப் பிடித்தனர். ஒரே பனிப்பாதையில் நடந்தனர். பருவம் அறிந்து தொழில் செய்வதில் இருவரும் வல்லவர். வேறுபாடு அளவில் இருந்தது. வீட்டார்க்குத் தேவை ஓர் அடுக்கு. அது நிறைந்ததும் கோடரி ஓயும். உலைக்கு நிறைவு என்பதே இல்லை. திறமை மிகமிக அழிவும் விரைவாயிற்று. பனி அமைத்துத் தந்த எளிய பாதை காட்டை விரைவில் வெறுமையாக்கும் பாதையாகவும் மாறிற்று.

திருவள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். காலம் அறிந்தோர் பனியையும் பாதையாக்குவர் என்பதற்கு நார்வே உழவர் சான்று. காலத்தோடு அளவையும் அறிந்தால்தான் அப்பாதையின் முடிவில் காடு நிலைத்திருக்கும் என்பதற்கு ரோரோஸின் வெற்றுக்குன்றுகள் சான்று.

தெரியுமா?

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் நார்வே நாட்டுப் பொதுத்துறைத் தொலைக்காட்சி, விறகு வெட்டுதல், பிளத்தல், அடுக்குதல், எரித்தல் ஆகியவற்றை 12 மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அதன் பெரும்பகுதி கணப்படுப்பில் விறகு எரியும் காட்சியே. அடுக்கும்போது மரப்பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டுமா, கீழ்நோக்கி இருக்க வேண்டுமா என்பது குறித்துப் பார்வையாளர்களிடையே கருத்து மோதல் எழுந்தது.

சொல்லும் பொருளும்

கணப்படுப்பு – குளிர்காய உதவும் அடுப்பு
சறுக்குவண்டி – சக்கரமின்றிப் பனிமேல் வழுக்கிச் செல்லும் வண்டி
தணல் – கனன்று எரியும் நெருப்பு
நிரவுதல் – சமப்படுத்துதல்
மருங்கு – பக்கம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் செய்யப்படும் தொழில் ஒன்றைத் தேர்ந்து, அப்பருவத்தைத் தேர்ந்ததற்கான காரணங்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'இயற்கை வளமும் தேவையின் அளவும்' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*குறுவினா*
1. ஆழ்ந்த பனியில் மரம் வெட்டுவோர் முதலில் மண்வாரியை எடுப்பது ஏன்?
2. சரிவில் மரத்தின் நுனிப்பகுதியைப் பனியில் உராயவிடுவதன் பயன் யாது?

*சிறுவினா*
1. குளிர்காலம் விறகு வெட்டுதற்குரிய பருவமாக அமைந்தமைக்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. ஈரவிறகை எரிப்பதால் விளையும் தீமைகளை விளக்குக.

*நெடுவினா*
'காலம் அறிதலோடு அளவு அறிதலும் வேண்டும்' – ரோரோஸின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.