‘இல்லை’ என்றொரு விடை

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கோவிட்-19 பெருந்தொற்று மலேசியாவை உலுக்கிக்கொண்டிருந்த காலம். ஆகஸ்டு 26ஆம் நாள் மட்டும் 24,599 பேருக்குப் புதிதாகத் தொற்று உறுதியானது. மருத்துவமனைகளில் படுக்கைகள் நிரம்பி வழிந்தன. வீடுகளிலோ அச்சம் நிரம்பியிருந்தது. அந்த அச்சத்தின் நடுவே, புலனத்தின்வழி ஒரு மருந்தின் பெயர் கைக்குக் கை மாறியது. ஐவர்மெக்டின்! மலிவான மாத்திரை, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது, இதை ஏன் எல்லாருக்கும் கொடுக்கக்கூடாது என்று பலர் கேட்டனர்.

அக்கேள்வி நியாயமற்றது அன்று. ஐவர்மெக்டின் போலி மருந்து இல்லை. ஜப்பானில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரியே அதன் மூலம். ஆப்பிரிக்காவில் ஆற்றோர மக்களின் பார்வையைப் பறித்த ஒட்டுண்ணி நோயைக் கட்டுப்படுத்தியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதன் கண்டுபிடிப்புக்காக சத்தோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் ஆகிய இருவருக்கும் 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் இம்மருந்து கொரோனா நச்சுயிரியை ஒடுக்கியதைக் கண்டனர். ஆனால், அங்குப் பயன்படுத்திய அடர்த்தி, மாத்திரையாக விழுங்கும்போது மனித இரத்தத்தில் சேரும் அளவைவிட மிக அதிகம். கண்ணாடிக் கிண்ணத்தில் நடந்தது மனித உடலிலும் நடக்குமா? இதற்கு விடை சொல்ல ஆய்வுக்கூடத்தால் முடியாது. ஒரு மருத்துவரின் அனுபவமும் போதாது. கோவிட் நோயாளிகளில் பெரும்பாலோர் எந்தச் சிறப்பு மருந்தும் இன்றியே குணமடைந்தனர். மாத்திரை உண்டு குணமானவர், அதை உண்ணாவிட்டாலும் குணமாகியிருப்பாரா என்பதை எப்படி அறிவது?

இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடவே மருத்துவமனைகளுக்குள் மருத்துவ ஆய்வு மையங்கள் இயங்குகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சின் முதல் மருத்துவ ஆய்வு மையம் 2000ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. இன்று நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இதன் கிளைகள் உள்ளன. ஆய்வு மையம் என்றவுடன் வெள்ளை அங்கியும் நுண்ணோக்கியும் நினைவுக்கு வரலாம். உண்மையில் அங்கு அதிகம் காணப்படுபவை கோப்புகளே. பூட்டிய அலமாரிகள், இரத்த மாதிரிகளை உறைநிலைக்கும் வெகு கீழே காக்கும் குளிர்பெட்டிகள், ஆய்வு மருந்துகளை எண்ணி வைக்கும் தனி அறை, புள்ளியியல் வல்லுநரின் கணினி ஆகியவையும் உண்டு. ஆனால், மையத்தின் உயிர்நாடி ஆய்வு ஒருங்கிணைப்பாளர்தான். பெரும்பாலும் தாதியராகவோ மருந்தாளராகவோ பயிற்சி பெற்ற இவர், நோயாளி எந்த நாள் வரவேண்டும், எத்தனை மாத்திரை மீதி வைத்திருக்கிறார், நேற்றிரவு வயிறு வலித்ததா என்பதுவரை பதிவு செய்வார். ஒரு மாத்திரை கணக்கில் விடுபட்டாலும் அதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், பிற்காலத்தில் ஒருவர் அந்த ஆய்வை நம்பலாமா என்பதை முடிவு செய்வது இந்தச் சலிப்பூட்டும் வேலையே.

ஐவர்மெக்டின் ஆய்வு 2021 மே 31 முதல் அக்டோபர் 25 வரை நடைபெற்றது. 20 அரசு மருத்துவமனைகளும் ஒரு தனிமைப்படுத்தும் மையமும் அதில் பங்கேற்றன. தொற்று உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. நோயாளிகளைக் கவனிக்கவே ஆள் பற்றாத வேளையில் ஆய்வு தேவையா என்று தோன்றலாம். தேவைதான். கூட்டம் குறைந்த பிறகு விடை கிடைத்தால் யாருக்குப் பயன்?

ஆய்வைத் தொடங்கும் முன்னரே கேள்வி எழுத்தில் வரையறுக்கப்பட்டது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற உடனிருக்கும் நோய், லேசான அல்லது மிதமான கோவிட் அறிகுறிகள், அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குள் வந்தவர் என்று தகுதிகள் வகுக்கப்பட்டன. நோய் முற்றும் ஆபத்து இவர்களுக்கே அதிகம். இவர்களுக்கு ஐந்து நாள் ஐவர்மெக்டின் கொடுத்தால், உயிர்வளி தேவைப்படும் கடுமையான நிலைக்குச் செல்வது குறையுமா? அதுவே முதன்மைக் கேள்வி.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இன்றி எந்த நோயாளியையும் ஆய்வில் சேர்க்க இயலாது. அக்குழுவில் மருத்துவர் அல்லாதவர்களும் இடம்பெறுவர். நோயாளியிடம் கொடுக்கும் தகவல் தாளைச் சாதாரண மனிதர் படித்துப் புரிந்துகொள்வாரா என்று அவர்கள் பார்ப்பார்கள். பின்னர், ஒப்புதல் பெறும் வேளை வரும். இது வெறும் கையெழுத்து வாங்கும் சடங்கன்று. படுக்கையில் மூச்சு வாங்கப் படுத்திருக்கும் முதியவர், “நீங்கள் சொன்னால் சரிதான், டாக்டர், எங்கே கையெழுத்து போடணும்?” என்று கேட்பது இயல்பு. “அவசரம் இல்லை, ஐயா. முதலில் கேளுங்கள். நீங்கள் சேராவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையில் எந்தக் குறையும் இருக்காது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்” என்று விளக்குவது ஆய்வாளரின் கடமை. நோயாளி தயங்கினால் குடும்பத்தாரோடு பேச நேரம் தரவேண்டும்.

ஒப்புக்கொண்டவர்களில் யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்? இங்குத்தான் பலரும் முகம் சுளிப்பார்கள். அதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை. கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறது. பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல. நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகத் தோன்றினாலும், நேர்மையான வழி இதுவே. மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தம்மையும் அறியாமல், பிழைக்கக்கூடியவர் என்று நினைப்பவருக்கு மருந்தைக் கொடுத்துவிடலாம். அல்லது இரக்கப்பட்டு, மிகவும் நலிந்தவருக்குக் கொடுக்கலாம். இரண்டிலும் ஒப்பீடு கெட்டுவிடும். மேலும், மருந்து நன்மை தருமா தீமை தருமா என்று உண்மையிலேயே தெரியாதபோது, எந்தக் குழுவுக்குச் சென்றவர் பாக்கியசாலி என்று யாராலும் சொல்ல முடியாது.

இறுதியில் 490 பேரின் தகவல்கள் ஆராயப்பட்டன. ஐவர்மெக்டின் பெற்ற 241 பேரில் 52 பேர் கடுமையான நிலைக்குச் சென்றனர்; அதாவது 21.6 விழுக்காடு. மருந்து பெறாத 249 பேரில் 43 பேர், 17.3 விழுக்காடு. மருந்து நோயைத் தடுக்கவில்லை. மருந்து பெற்றவர்களிடையே வயிற்றுப்போக்கும் அதிகமாகக் காணப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சுகாதார அமைச்சு முடிவை அறிவித்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வெளிவந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிமையாக இருந்திருக்கும். ஆனால், அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்ற குழுவில் 3 பேர். பெறாத குழுவில் 10 பேர். மருந்தை ஆதரித்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டனர். “உயிரைக் காக்கிறதே, இதை ஏன் மறைக்கிறீர்கள்?” என்று கேட்டனர். மறைக்கப்படவில்லை, கட்டுரையிலேயே அச்சாகியிருந்தது. கேள்வி வேறு. இந்த வேறுபாட்டை மருந்து உண்டாக்கியதா, தற்செயல் உண்டாக்கியதா?

ஒரு நாணயத்தைப் பதின்மூன்று முறை சுண்டினால் ஆறு பூவும் ஏழு தலையும் விழும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால், மூன்று பூவும் பத்துத் தலையும் விழுந்தாலும் அந்த நாணயம் மோசடி நாணயம் என்று உடனே சொல்லிவிட முடியாது. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது தற்செயலின் கை ஓங்கியிருக்கும். மருந்தால் இறப்பில் எந்த வேறுபாடும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இப்படிப்பட்ட இடைவெளி நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது முறை தானாகவே தோன்றக்கூடும் என்று புள்ளியியல் கணக்கு காட்டியது. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால்தான் கவனிக்கத்தக்க சான்றாகக் கொள்வது ஆய்வு உலகின் வழக்கம். அதோடு, இறப்பு இந்த ஆய்வின் முதன்மைக் கேள்வியும் அன்று. விடைத்தாளைப் பார்த்தபின் கேள்வியை மாற்றிக்கொள்வது தேர்வு மண்டபத்தில் மட்டுமல்ல, ஆய்விலும் முறையாகாது.

ஆய்வுக்குக் குறைகளும் உண்டு. மருந்து பெறாதவர்களுக்கு அதே தோற்றத்தில் போலி மாத்திரை கொடுக்கப்படவில்லை. ஆகவே, யார் எந்தக் குழு என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்திருந்தது. ஆய்வாளர்களே இதைத் தங்கள் கட்டுரையில் ஒப்புக்கொண்டனர். பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் இந்த இடைவெளியை நிரப்பின. பிரேசிலில் 1,358 பேரிடம் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2022 மார்ச்சில் வெளிவந்தது. ஐவர்மெக்டின், நோயாளிகள் மருத்துவமனைக்குச் செல்ல நேர்வதைக் குறைக்கவில்லை என்றே அதுவும் காட்டியது.

ஆய்வு மையங்கள் எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்வதில்லை. கல்லீரலை அரிக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கு ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒருவருக்கான மருந்துச் செலவு 84,000 டாலர். சாமானிய மனிதர் எண்ணிப் பார்க்கவும் முடியாத தொகை. மலிவான மாற்று மருந்தொன்றைத் தேடி மலேசியாவும் தாய்லாந்தும் 2016இல் கூட்டு ஆய்வைத் தொடங்கின. இவ்விரு நாடுகளின் மருத்துவமனைகளில் 301 நோயாளிகளுக்கு ரவிடாஸ்விர் என்ற புதிய மருந்து, சோஃபோஸ்புவிர் என்ற மருந்துடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பிறகு சோதித்தபோது 97 விழுக்காட்டினரின் இரத்தத்தில் நச்சுயிரி இல்லை. 2021 ஜூனில் மலேசியா அம்மருந்தை நிபந்தனையுடன் பதிவு செய்தது.  அதாவது, ஒரு மருந்துக்கு ‘ஆம்’ என்ற முத்திரை விழுந்த அதே மாதத்தில், இன்னொரு மருந்துக்கான விடையைத் தேடும் பணி நாட்டின் மருத்துவமனைகளில் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

இரண்டுக்கும் கோப்புகள் ஒன்றுபோலவே பராமரிக்கப்பட்டன. குறித்த நாளில் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியை எடுப்பார். “வணக்கம், அம்மா. மருத்துவமனையிலிருந்து அழைக்கிறேன். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? மூச்சு வாங்குகிறதா? வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?” மறுமுனையில் இருப்பவர் மருந்து பெற்றவரா, பெறாதவரா என்பதைப் பொறுத்து இந்தக் கேள்விகள் மாறுவதில்லை. விடைகளைக் கேட்டு எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, அவர் அடுத்த எண்ணை அழைப்பார்.